கதிர் பட்ட இரைப்பையின் இரத்தக்கசிவு

புற்றுநோய்க்கான கதிர்வீச்சு கட்டியைக் குறிவைத்தே செலுத்தப்படுகிறது என்றாலும், உடலுக்குள் புகும் வழியிலும் அதைக் கடந்து வெளியேறும் வழியிலும் உள்ள திசுக்களைத் தொடாமல் அது செல்வதில்லை. மேல்வயிற்றைப் பொறுத்தவரை அந்த வழியில் பெரும்பாலும் குறுக்கே நிற்கும் உறுப்பு இரைப்பைதான். அதன் பின்புறத்தை ஒட்டிக் கணையம் கிடக்கிறது. முன்புறத்தின் ஒரு பகுதியைக் கல்லீரலின் இடது மடல் மூடுகிறது. உணவுக்குழாயின் கீழ்முனை அதற்குள் திறக்கிறது. வயிற்றுப் பெருந்தமனியின் ஓரமாக அமைந்த நிணநீர்க் கணுக்கள் அதற்குச் சற்றுப் பின்னால் வரிசையாக நிற்கின்றன. இவற்றுள் எதில் புற்று தோன்றி அதற்குக் கதிர் செலுத்தப்பட்டாலும் இரைப்பைக்கு ஒரு பங்கு போய்ச் சேர்கிறது. இரைப்பையிலேயே தோன்றிய புற்றாக இருந்தால் சொல்லவே வேண்டாம். இவ்வாறு கதிர் பட்டவர்களுள் சிலருக்கு, சிகிச்சை முடிந்து, கட்டியும் அடங்கி, உடல் தேறிவரும் காலத்தில் இரைப்பையின் உட்புறத்திலிருந்து இரத்தம் கசியத் தொடங்குகிறது. இரத்தக்கசிவுடன் கூடிய கதிர்வீச்சு இரைப்பை அழற்சி என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடும் இந்நிலை அடிக்கடி காணப்படுவதன்று. ஆனால் வந்துவிட்டால் எளிதில் விட்டுப்போவதும் இல்லை.

கதிரின் அளவு கிரே என்னும் அலகால் சொல்லப்படுகிறது. ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அது ஒரு கிரே. இரைப்பைப் புற்றுக்கான அறுவைக்குப் பிறகு கதிர் தரப்படும்போது, வழக்கமாக 45 கிரே என்னும் மொத்த அளவை நாளொன்றுக்கு 1.8 கிரேயாகப் பிரித்து, வாரத்தில் ஐந்து நாள் வீதம் 25 தவணைகளில் செலுத்துகிறார்கள். இந்த 45 கிரேயும் வெப்பமாக மாறினால் திசுவின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான் உயரும். ஆகவே கதிர் திசுவைச் சுட்டுப் பொசுக்குகிறது என்று பொதுவாகச் சொல்லப்படுவது சரியன்று. அது செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது, அறுபட்ட இழையைச் சரிவர ஒட்டிக்கொள்ள முடியாத செல், அடுத்த முறை பிரிய முயலும்போது மடிகிறது. புற்றுச் செல்களைக் காட்டிலும் இயல்பான செல்கள் இந்தப் பழுதை நன்றாகச் சரிசெய்துகொள்ளும் என்பதால்தான் தினமும் சிறுகச் சிறுகக் கொடுத்து, இடையில் ஓய்வு விடுகிறார்கள். ஆயினும் அந்தச் சலுகைக்கும் எல்லை உண்டு. முழு இரைப்பையும் 50 கிரே அளவுக்குக் கதிரை வாங்கினால் ஐந்தாண்டுகளுக்குள் நூற்றுக்கு ஐந்து பேருக்குப் புண்ணோ துளையோ ஏற்படலாம் என்று 1991-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு தொகுப்பு மதிப்பிட்டது. 2010-இல் வெளியான மறுமதிப்பீடு முழு இரைப்பைக்கான அளவை 45 கிரேக்குள் நிறுத்துமாறு அறிவுறுத்தியது.

இரைப்பையும் குடலும் கதிரால் பழுதாகும் என்பது புதிதாக அறியப்பட்ட செய்தியன்று. ரான்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தது 1895-ஆம் ஆண்டின் இறுதியில். 1897-லேயே டேவிட் வால்ஷ் என்னும் மருத்துவர், எக்ஸ் கதிர்ச் சோதனைகளில் ஈடுபட்டிருந்த ஒருவருக்கு வயிற்று வலியும் பேதியும் வந்ததையும், வயிற்றின் முன் ஈயத்தகட்டை மறைப்பாக வைத்ததும் அவை நின்றதையும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பதிவு செய்தார். இதைவிட வியப்பூட்டுவது, இரைப்பைக்கு வேண்டுமென்றே கதிர் கொடுக்கப்பட்ட ஒரு காலம் இருந்தது என்பது. அமிலத்தைக் குறைக்கும் நல்ல மருந்துகள் இல்லாத நாட்களில், இரைப்பைப் புண்ணுக்கும் முன்சிறுகுடல் புண்ணுக்கும் மருத்துவமாக, 1930-களின் பிற்பகுதியிலிருந்து 1960-களின் நடுப்பகுதி வரை சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனையில் நோயாளிகளின் இரைப்பைக்கு ஏறத்தாழ 15 கிரே அளவில் எக்ஸ் கதிர் செலுத்தப்பட்டது. அமிலத்தைச் சுரக்கும் செல்கள் கதிரால் ஒடுங்கிவிடும் என்பதே அதன் தருக்கம். ஒடுங்கவும் செய்தன, பலருக்குப் புண்ணும் ஆறியது. ஆனால் அந்நோயாளிகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோது, கதிர் பெறாத புண் நோயாளிகளைவிட அவர்களிடையே இரைப்பைப் புற்றும் கணையப் புற்றும் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. புற்று அல்லாத நோய்க்கு, அதுவும் பின்னாளில் மருந்தாலேயே தீரக்கூடியதாகிவிட்ட ஒன்றுக்குக் கதிரைக் கையில் எடுத்த அந்த முடிவை இன்று எவரும் நியாயப்படுத்துவதில்லை.

அதிக அளவில் கதிர் பட்டால் இரைப்பை என்னவாகும் என்பதற்கான முதல் தெளிவான பாடம், இரண்டாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையிலிருந்து வந்தது. விதைப்பைப் புற்று வந்த இளம் படைவீரர்களுக்கு, நோய் பரவும் வழியான வயிற்று நிணநீர்க் கணுக்களை நோக்கிப் பத்து லட்சம் வோல்ட் எக்ஸ் கதிர் செலுத்தப்பட்டது. அவர்களைக் கவனித்து எழுதப்பட்ட அறிக்கைகள் இரைப்பைப் பழுதைக் கால வரிசையில் வகைப்படுத்தின. சிலருக்கு ஓரிரு மாதங்களிலேயே ஆழமான புண் தோன்றி இரைப்பைச் சுவர் துளைபட்டது. சிலருக்குச் சராசரியாக ஐந்து மாதங்கள் கழித்து, சாதாரண இரைப்பைப் புண்ணைப் போலவே தோற்றமளித்தாலும் சாதாரண மருத்துவத்துக்குப் பணியாத புண் வந்தது. இன்னும் சிலருக்குச் செரிமானக் கோளாறு மட்டும் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் கால அட்டவணை பெரும்பாலும் அப்படியே பொருந்துகிறது.

ஐந்து மாதம் என்னும் அந்த இடைவெளிதான் இந்நோயின் இயல்பைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல். இரைப்பையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தின் மேற்பரப்புச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுபவை. புதிய செல்களை ஈன்று தரும் மூலச்செல்கள் சுரப்பிகளின் கழுத்துப் பகுதியில் இருக்கின்றன. வேகமாகப் பிரியும் இவையே கதிருக்கு முதலில் இரையாகின்றன. சிகிச்சை நடக்கும் வாரங்களில் வரும் குமட்டல், வாந்தி, மேல்வயிற்று எரிச்சல், பசியின்மை முதலியவை இந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை. சிகிச்சை முடிந்ததும் எஞ்சிய மூலச்செல்கள் பெருகிப் படலத்தைத் திரும்பக் கட்டிவிடுவதால் பெரும்பாலோருக்கு இவை தாமாகவே மறைந்துவிடும். மாதங்கள் கழித்து வரும் கசிவு வேறு வகையைச் சேர்ந்தது. அதன் வேர் சளிப்படலத்தில் இல்லை, அதற்கு அடியில் ஓடும் நுண்தமனிகளில் இருக்கிறது.

இரத்தக் குழாய்களின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் பரவியிருக்கும் அகவணிச் செல்கள் மெதுவாகப் பிரிபவை; ஆகவே கதிர் தந்த பழுது அவற்றில் உடனே வெளிப்படாமல் உறங்கிக் கிடக்கிறது. பின்னர் அவை வீங்கி உதிரும்போது, அந்த இடத்தில் நுண்ணிய இரத்த உறைவுகள் படிகின்றன. அடியிலுள்ள செல்கள் பெருகி உட்சுவர் தடிக்கிறது. அழற்சியைத் தொடர்ந்து சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள் நார்த்திசுவை உண்டாக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. இவை எல்லாம் சேர்ந்து குழாயின் உள்வழியைக் குறுக்கிக்கொண்டே போகின்றன. கால்வாய் தூர்ந்துபோனால் கடைமடை வயல் முதலில் காய்வதைப்போல, நுண்தமனி குறுகும்போது அதன் கோடியில் இருக்கும் சளிப்படலத்துக்குத்தான் உயிர்வளி முதலில் எட்டாமல் போகிறது. உயிர்வளிக்குத் தவிக்கும் திசு, புதிய குழாய்களை வளர்க்கச் சொல்லும் வேதிச் சைகைகளை அனுப்புகிறது. அந்தச் சைகைக்கு இணங்கி வளர்பவை முறையான தமனிகள் அல்ல; தசையுறையற்ற, விரிந்து நெளிந்த, தொட்டாலே உடையும் தந்துகிகள். அமிலமும் உணவும் அசைந்து உரசும் ஓர் உறுப்பின் மேற்பரப்பில், மெல்லிய படலத்துக்கு அடியில் இப்படிப்பட்ட குழாய்கள் பின்னிக் கிடந்தால் கசியாமல் என்ன செய்யும்?

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. கதிர் பட்ட இரைப்பையின் கசிவை, ஓரிடத்தில் குழாய் அறுந்து வரும் கசிவாகப் பார்க்க முடியாது. ஒரு பரப்பு முழுவதும் இரத்தவோட்டம் குன்றியதன் வெளித்தோற்றம் அது. கசிவை அடைக்கும் ஒவ்வொரு செயலும் ஏற்கெனவே ஆறும் திறன் குறைந்த திசுவின் மீது நடக்கிறது என்பதால், மருத்துவர் எவ்வளவு செய்கிறார் என்பதைப்போலவே எங்கே நிறுத்திக்கொள்கிறார் என்பதும் விளைவைத் தீர்மானிக்கிறது. இந்நோயின் மருத்துவத்தில் மற்ற எல்லாமும் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

கதிர் இரைப்பையை அடைய இன்னொரு வழியும் இருக்கிறது. அது வெளியிலிருந்து வருவதன்று. கல்லீரல் கட்டிகளுக்கான ஒரு சிகிச்சையில், யிட்ரியம்-90 என்னும் கதிரியக்கத் தனிமம் ஏற்றப்பட்ட நுண்மணிகள், தொடைத் தமனி வழியாகவோ மணிக்கட்டுத் தமனி வழியாகவோ செலுத்தப்படும் மெல்லிய குழாய் மூலம் கல்லீரல் தமனிக்குள் விடப்படுகின்றன. பிசினால் ஆன மணிகளின் விட்டம் 20 முதல் 60 மைக்ரான் வரை இருக்கும். அவற்றிலிருந்து வெளிப்படும் பீட்டா கதிர் திசுவுக்குள் சராசரியாக இரண்டரை மில்லிமீட்டர் தொலைவே செல்கிறது. 64 மணி நேரத்தில் கதிரியக்கம் பாதியாகிறது. கட்டி பெரும்பாலும் தமனி இரத்தத்தையே நம்பி வாழ்வதால் மணிகள் அதற்குள் சென்று தங்கிவிடும் என்பது இம்முறையின் அழகு. ஆனால் கல்லீரல் தமனியின் பாதையிலிருந்து இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் கிளைகள் பிரிகின்றன. மணிகள் சில அந்தக் கிளைகளுக்குள் வழுக்கிச் சென்றுவிட்டால், சில வாரங்களிலோ மாதங்களிலோ இரைப்பையில் ஆறாத புண் தோன்றுகிறது. அந்தப் புண்ணின் ஓரத்திலிருந்து கிள்ளியெடுத்த திசுத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால், நுண்தமனிக்குள் கருநீல நிறத்தில், செதுக்கி வைத்ததுபோல் வட்டமான மணிகள் அடைத்துக்கொண்டிருப்பது தெரியும். அதற்குமேல் நோயறிதலில் ஐயத்துக்கு இடமில்லை. இதைத் தவிர்க்கவே, சிகிச்சைக்கு முன்பு டெக்னீசியம் ஏற்றிய புரதத் துகள்களை ஒத்திகையாகச் செலுத்தி அவை எங்கே போகின்றன என்று படமெடுக்கிறார்கள்; தேவைப்பட்டால், இரைப்பைக்குச் செல்லும் கிளைகளை உலோகச் சுருளால் அடைத்தும் விடுகிறார்கள்.

நோயாளி பெரும்பாலும் இரத்த வாந்தியோடு வருவதில்லை. களைப்பு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், முகம் வெளுத்தல் போன்ற இரத்தசோகையின் அடையாளங்களோடுதான் வருகிறார். புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர் களைப்பாக இருப்பது இயல்புதானே என்று வீட்டாரும், சில வேளை மருத்துவரும் விட்டுவிடுவதுண்டு. கண்ணுக்குத் தெரியும் கசிவின்றியே இரத்தசோகை எப்படி வருகிறது என்ற கணக்கு எளியது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உணவிலிருந்து குடல் ஒரு நாளில் உறிஞ்சுவது ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான். ஆகவே தினம் ஒரு தேக்கரண்டி அளவு, அதாவது ஐந்து மில்லிலிட்டர் இரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் கசிந்தாலே இரும்பின் வரவைச் செலவு மிஞ்சிவிடும். சில மாதங்களில் ஹீமோகுளோபின் பாதியாகக் குறையவும் கூடும். கசிவு ஒரே நேரத்தில் 50 முதல் 100 மில்லிலிட்டரைத் தாண்டினால்தான் மலம் தார்போலக் கறுத்து, பிசுபிசுப்பும் தனி நாற்றமும் கொள்கிறது.

கதிர் பெற்றவர் என்பதாலேயே கசிவுக்குக் கதிரைப் பொறுப்பாக்கிவிடக் கூடாது. பழைய கட்டி திரும்ப முளைத்திருக்கலாம். ஹெலிகோபாக்டர் கிருமியாலோ வலி மாத்திரைகளாலோ சாதாரணப் புண் வந்திருக்கலாம். கல்லீரல் கெட்டவருக்கு உணவுக்குழாய்ச் சிரைகள் புடைத்து வெடித்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய எண்டோஸ்கோப்பிக் குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கதிர் பட்ட பகுதியில் சளிப்படலம் வெளிறி வீங்கியிருக்கும். அதன்மீது சிலந்தி வலைபோல் நெளிந்த செந்நிறக் குழாய்கள் படர்ந்திருக்கும். எண்டோஸ்கோப்பியின் முனை இலேசாக உரசினாலும் அந்த இடத்திலிருந்து இரத்தம் ஊறும். இந்த மாற்றங்கள் பெரும்பாலும் கதிர் செலுத்தப்பட்ட புலத்தின் எல்லையோடு ஒத்துப்போகும் என்பதால், எண்டோஸ்கோப்பி செய்பவர் கதிர்வீச்சுத் திட்டத்தின் படத்தையும் அருகில் வைத்துக்கொள்வது நல்லது. திசுத் துணுக்கு எடுப்பதில் நிதானம் வேண்டும். புற்று திரும்பியிருக்குமோ என்ற ஐயம் இருந்தால் எடுத்தே ஆகவேண்டும். இல்லையென்றால், கிள்ளிய இடமே ஆறாத புண்ணாக மாறும் ஆபத்தை விலைக்கு வாங்கத் தேவையில்லை.

கசிவு மிகுந்து வருபவருக்கு முதல் சில மணி நேரம் எந்த இரைப்பைக் கசிவுக்கும் உரிய மருத்துவமே தரப்படுகிறது: சிரை வழியே திரவம், தேவைக்கேற்ப இரத்தம், இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளை நிறுத்துவதா தொடர்வதா என்ற முடிவு, அமிலத்தை அடக்கும் பான்டோபிரசோல் போன்ற மருந்தை ஊசிவழி செலுத்துதல். இரத்தம் ஏற்றுவதில் தாராளம் நல்லதல்ல என்பது 2013-இல் பார்சிலோனாவிலிருந்து வெளியான ஆய்வில் உறுதிப்பட்டது. மேல்வயிற்றுக் கசிவு நோயாளிகள் 921 பேரில், ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்கினால் மட்டுமே இரத்தம் பெற்றவர்களுள் நூற்றுக்கு 95 பேர் ஆறு வாரங்களுக்குப் பிறகும் உயிரோடிருந்தனர். 9 கிராமுக்குக் கீழே இறங்கியதுமே பெற்றவர்களுள் அது 91 ஆக இருந்தது. இதய நோய் உள்ளவர்களுக்கு இந்த வரம்பைச் சற்று உயர்த்திக்கொள்கிறார்கள். கசிவு என்றதும் பலரும் எடுத்துக் கொடுக்கும் டிரானெக்சமிக் அமிலமும் சோதனைக்கு உள்ளானது. 12,009 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2020-இல் முடிவு வெளியான பன்னாட்டு ஆய்வில், செரிமானப் பாதைக் கசிவால் நேரும் இறப்பை அது குறைக்கவில்லை. மாறாகச் சிரைகளில் இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டியது. புற்றுநோயாளிக்கு அந்த ஆபத்து முன்பே அதிகம் என்பதை நினைவில் கொண்டால், வழக்கமாக எழுதிக் கொடுக்கும் மருந்துகளின் பட்டியலில் அதற்கு இடமில்லை என்பது புரியும்.

கசிவு மெல்லியதாக இருந்தால் மாத்திரைகளோடு காத்திருப்பது பிழையன்று. அமிலத்தை அடக்குவதால் தந்துகிகள் சீராகிவிடப் போவதில்லை. ஆனால் உறைந்த இரத்தம் அமிலத்தில் கரையாமல் நிற்கவும், மேற்படலம் ஓரளவு மூடிக்கொள்ளவும் அது வாய்ப்பளிக்கிறது. இதனோடு சுக்ரால்ஃபேட் என்னும் மருந்தும் கூழ்மமாகத் தரப்படுகிறது. சர்க்கரை மூலக்கூறு ஒன்றில் சல்ஃபேட்டும் அலுமினியமும் சேர்ந்த இச்சேர்மம், புண்ணின் தளத்தில் வெளிப்பட்டிருக்கும் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு மேலே ஒரு பூச்சாக அமைகிறது. ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோனால் கசிவு நின்றதாகத் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய பதிவுகள் உண்டு. அதை வைத்துப் பொது விதி எதையும் வகுத்துவிட முடியாது. இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கதிர்வீச்சால் வரும் கசிவைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி மலக்குடலைச் சார்ந்தது. கருப்பைவாய்ப் புற்றுக்கும் புரோஸ்டேட் சுரப்பிப் புற்றுக்கும் கதிர் பெறுவோர் மிகுதி என்பதால் அங்கே நோயாளிகளும் மிகுதி. இரைப்பைக்கு என்று பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் இல்லாத நிலையில், மலக்குடலில் கற்றதைத்தான் பெரும்பாலும் இங்கே கடன் வாங்குகிறார்கள். அந்தக் கடனிலும் எல்லாம் பயன்படாது: மலக்குடல் கசிவுக்கு நீர்த்த ஃபார்மலினைத் தடவும் முறை அங்கே நன்றாகப் பலன் தருகிறது; இரைப்பைக்குள் அதற்கு வேலையில்லை.

மருந்துக்கு அடங்காத கசிவுக்கு இன்று முதலில் கையிலெடுக்கப்படுவது ஆர்கான் பிளாஸ்மா உறைவு முறை. அறுவைக் கூடத்தில் முன்பே வழக்கிலிருந்த இதனை, வளையும் எண்டோஸ்கோப்பிக் குழாயின் வழியே பயன்படுத்தும்படி 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கார்ல் எர்ன்ஸ்ட் குருண்டும் அவர் குழுவினரும் அமைத்தனர். எண்டோஸ்கோப்பியின் உள்வழியே செலுத்தப்படும் மெல்லிய குழாயின் முனையில் ஒரு மின்முனை இருக்கிறது. அதைச் சுற்றி ஆர்கான் வாயு நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு லிட்டர் வீதம் வெளிப்படுகிறது. மருத்துவர் காலடி மிதியை அழுத்தியதும் உயர் அதிர்வெண் மின்சாரம் பாய்ந்து வாயு அயனியாகிறது. அயனியான வாயுவே கம்பியின் வேலையைச் செய்து, முனைக்கும் திசுவுக்கும் இடையிலான சில மில்லிமீட்டர் இடைவெளியை நீல நிறச் சுடராகத் தாண்டுகிறது. சுடர் பட்ட இடம் முதலில் வெளுக்கிறது, பிறகு பழுப்பாகிச் சுருங்குகிறது. திசுவைத் தொடாமலேயே உறையவைப்பதால், முனையை எடுக்கும்போது பொருக்கு பிய்ந்து மறுபடியும் இரத்தம் வரும் தொல்லை இல்லை. உறைந்து உலர்ந்த திசுவின் மின்தடை கூடிவிடுவதால், சுடர் தானாகவே பக்கத்திலுள்ள ஈரமான இடத்துக்குத் தாவிக்கொள்கிறது. அதனால் உறைவின் ஆழம் பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்குகிறது. பரவலாக, ஆழமின்றிக் கசியும் ஒரு நோய்க்கு இதைவிடப் பொருத்தமான கருவியை எதிர்பார்ப்பது கடினம்.

எனினும் ஒவ்வொரு சுடரும் ஒரு சிறு புண்ணை விட்டுச்செல்கிறது. இயல்பான இரைப்பையில் அது சில வாரங்களில் ஆறிவிடும்; கதிர் பட்ட இரைப்பையில் அதுவே பெரிய புண்ணாகி, சிகிச்சைக்கு முன்பிருந்ததைவிட அதிகமாகக் கசிந்த நோயாளிகளும் உண்டு. அனுபவம் மிக்கவர்கள் இதனால்தான் குறைந்த திறனில், விநாடிக்கும் குறைவான அழுத்தங்களாக, கண்ணில் படும் எல்லாக் குழாய்களையும் ஒரே அமர்வில் தீர்த்துவிட முனையாமல், கசியும் இடங்களையும் பெரிய குழாய்களையும் மட்டும் தொட்டு, மீதியைச் சில வாரங்கள் கழித்து வரும் அமர்வுக்கு விட்டுவைக்கிறார்கள். உள்ளே சேரும் ஆர்கான் வாயு இரைப்பையை உப்ப வைத்து அதன் சுவரை மெலிதாக்கிவிடும் என்பதால், அவ்வப்போது உறிஞ்சி வெளியேற்றவும் வேண்டும். பெரும்பாலோருக்கு ஒரே அமர்வில் வேலை முடிவதில்லை. இரண்டோ மூன்றோ, சிலருக்கு அதற்கு மேலும் தேவைப்படுகின்றன. பரப்பு மிகப் பெரியதாக இருந்தால், ரேடியோ அலை வெப்பத்தைத் தட்டையான மின்முனை வழியே சீரான ஆழத்தில் செலுத்தும் முறை சில இடங்களில் கையாளப்படுகிறது. சாதாரணப் புண்ணில் குழாயைக் கவ்விப் பிடிக்கும் உலோகக் கிளிப்புகள் இங்கே அவ்வளவாக உதவா. கவ்விப் பிடிக்க உறுதியான திசு வேண்டும், அதுதான் இங்கே இல்லை. கசியும் பரப்பின்மீது ஈரத்தை உறிஞ்சிப் படலமாக ஒட்டும் கனிமப் பொடியைத் தூவுவது, பீறிடும் கசிவை ஓரிரு நாள் நிறுத்திவைத்து அடுத்ததை யோசிக்க நேரம் பெற்றுத் தரும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

மேற்சொன்னவை அனைத்தும் கசிவை அடைப்பவை. குன்றிப்போன இரத்தவோட்டத்தையே மீட்க முயலும் முறை ஒன்று உண்டு. அது உயரழுத்த உயிர்வளிச் சிகிச்சை. ஆழ்கடலில் மூழ்கி எழுபவர்களுக்கு வரும் அழுத்த நோயைத் தீர்க்க அமைக்கப்பட்ட அறைகளைப் போன்ற அறைக்குள் நோயாளி அமர்கிறார் அல்லது படுக்கிறார்; இயல்பான வளியழுத்தத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு அழுத்தத்தில், தூய உயிர்வளியை ஏறத்தாழ 90 நிமிடம் சுவாசிக்கிறார். சிவப்பணுக்கள் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் மிகுதி உயிர்வளி இரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே கரைந்து, குறுகிய குழாய்களைத் தாண்டித் திசுவுக்குள் ஊடுருவுகிறது. அருகிலுள்ள நலமான திசுவுக்கும் பழுதான திசுவுக்கும் இடையே உயிர்வளி அளவில் செங்குத்தான வேறுபாடு தோன்றும்போது, நலமான பக்கத்திலிருந்து முறையான குழாய்கள் உள்ளே வளர்கின்றன என்பதே இதன் அடிப்படை. இந்த வளர்ச்சிக்கு நாட்கள் பிடிக்கும் என்பதால், வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 30 முதல் 40 அமர்வுகள் வரை தொடர வேண்டும். காதின் நடுப்பகுதியில் அழுத்தத்தால் வலி, தற்காலிகக் கிட்டப்பார்வை, மிக அரிதாக வலிப்பு முதலியன பக்கவிளைவுகள்.

கருத்து கவர்ச்சியானது, சான்று கலவையானது. கதிரால் சிறுநீர்ப்பை பழுதானவர்களிடம் ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வு நல்ல முன்னேற்றத்தைக் காட்டியது. கதிரால் குடல் கோளாறு நீடித்த 84 பேரிடம் பிரிட்டனில் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்விலோ, உண்மையான சிகிச்சை பெற்றவர்களுக்கும் போலி அமர்வு பெற்றவர்களுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. இரைப்பையைப் பற்றி இருப்பவை சிறு எண்ணிக்கையிலான நோயாளிப் பதிவுகள் மட்டுமே. சில அமர்வு ஆர்கான் சுடருக்குப் பிறகும் கசிவு நிற்காதவருக்கு, அத்தகைய அறை எட்டும் தொலைவில் இருந்தால் முயன்று பார்க்கலாம் என்பதற்கு மேல் சொல்வது மிகையாகும்.

எதற்கும் அடங்காமல் இரத்தம் போய்க்கொண்டே இருந்தால், தமனிக்குள் குழாய் செலுத்தி இரைப்பைக்கு வரும் கிளையை அடைப்பதும், இறுதியாக இரைப்பையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அறுத்தெடுப்பதும் எஞ்சுகின்றன. இயல்பான இரைப்பைக்குப் பல தமனிகளிலிருந்து இரத்தம் வருவதால் ஒன்றை அடைத்தாலும் தாங்கிக்கொள்ளும்; கதிர் பட்ட இரைப்பைக்கு அந்தச் சேமிப்பு கரைந்துபோயிருப்பதால், அடைப்பு சுவரையே அழுகவைக்கக்கூடும். அறுவையிலும் அதே இடர்தான்: கதிர் புலத்துக்குள் அமைந்த தையல் ஒட்டாமல் பிரிந்து கசிவது அறுவை மருத்துவர்கள் நன்கறிந்த அச்சம். ஆயினும் வாரந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொண்டு நாளைக் கழிக்கும் ஒருவருக்கு, புற்று முழுவதும் அடங்கிய நிலையில், அறுவை நல்வாழ்வைத் திருப்பித் தந்ததும் உண்டு.

இதே கதிர்தான், கசியும் இரைப்பைப் புற்றின் இரத்தத்தை நிறுத்தவும் பயன்படுகிறது என்பது முதலில் முரணாகத் தோன்றலாம். அறுவைக்கு ஆகாத நிலையில் கட்டியிலிருந்து ஓயாமல் இரத்தம் வடிபவருக்கு, ஒரே தவணையில் 8 கிரேயோ, ஐந்து தவணைகளில் 20 கிரேயோ, பத்துத் தவணைகளில் 30 கிரேயோ தரப்படுகிறது. பத்தில் ஏறத்தாழ ஏழு பேருக்குச் சில நாட்களில் கசிவு குறைகிறது. கட்டியின் செல்கள் மடிவதும், கட்டிக்குள் உள்ள குழாய்களின் அகவணி பழுதாகித் தட்டணுக்கள் ஒட்டி அடைத்துக்கொள்வதும் இதற்குக் காரணம். குழாயை அடைக்கும் அதே நிகழ்ச்சி, குறைந்த அளவில் கட்டிக்குள் நடந்தால் மருந்தாகவும், மிகுந்த அளவில் நல்ல திசுவுக்குள் நடந்து மாதங்கள் கழிந்தால் நோயாகவும் வெளிப்படுகிறது.

அளவையும் இடத்தையும் கட்டுப்படுத்துவதே சிறந்த தடுப்பு என்பதால், கதிர்வீச்சுத் துறையின் இன்றைய உழைப்பில் பெரும்பகுதி அதில்தான் செலவாகிறது. சி.டி. படத்தின் ஒவ்வொரு வெட்டிலும் இரைப்பையின் விளிம்பை வரைந்து, அதன் எவ்வளவு பங்கு எத்தனை கிரே வாங்கும் என்பதைக் கணினி முன்கூட்டியே கணக்கிடுகிறது; பல கோணங்களிலிருந்து செறிவை மாற்றி மாற்றிச் செலுத்தும் கருவி, கட்டியைச் சுற்றி அளவை வளைத்துக்கொடுக்கிறது. ஆனால் இரைப்பை, வரைந்த இடத்தில் இருப்பதில்லை. மூச்சோடு மேலும் கீழும் நகர்கிறது; சாப்பிட்டால் விரிகிறது; வாயு சேர்ந்தால் உருமாறுகிறது. சில மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வரும்படி நோயாளியிடம் சொல்வதும், ஒவ்வொரு நாளும் படமெடுத்துச் சரிபார்ப்பதும் இதற்காகத்தான். அந்த அறிவுரையைச் சடங்காக எண்ணிக் காலைச் சிற்றுண்டியை முடித்துவிட்டுப் படுக்கையில் ஏறுபவர், தம் இரைப்பையைத் தாமே கதிரின் முன் நீட்டுகிறார். கதிரோடு சேர்த்துத் தரப்படும் ஃப்ளூரோயுராசில், கேப்சிடாபின், ஜெம்சிடாபின் போன்ற மருந்துகள் கட்டியைப்போலவே இரைப்பையையும் கதிருக்கு இலக்காக்குகின்றன. இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாப் வகை மருந்துகளை அண்மையில் கதிர் பட்டவர்களுக்குத் தருவதிலும் எச்சரிக்கை வேண்டும். வலி மாத்திரைகளைத் தவிர்ப்பது, ஹெலிகோபாக்டர் கிருமி இருந்தால் முன்கூட்டியே ஒழிப்பது ஆகியவை செலவு குறைந்த காப்புகள்.

கசிவு நின்ற பிறகும் நுண்தமனிகளின் மாற்றம் நின்றுவிடுவதில்லை என்பதால், ஹீமோகுளோபினையும் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சில வாரங்களுக்கு ஒருமுறை, பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை என்று அளந்துவர வேண்டும். இழந்த இரும்பை ஈடுகட்ட வழக்கமாகத் தரப்படும் மாத்திரைகளுக்கு இங்கே இரண்டு குறைகள் உண்டு. இரும்பு உறிஞ்சப்பட இரைப்பையின் அமிலம் துணைசெய்கிறது. கதிரால் அமிலச் சுரப்பிகள் ஒடுங்கிய ஒருவர், அதற்குமேல் அமிலத்தை அடக்கும் மாத்திரையும் சாப்பிடும்போது, விழுங்கிய இரும்பில் உடலில் சேர்வது சொற்பம். மற்றது, இரும்பு மாத்திரை மலத்தைத் தானே கறுக்க வைக்கிறது. கசிவு மீண்டும் தொடங்கிவிட்டதோ என்று நோயாளி நாள்தோறும் அஞ்சுவார், அல்லது உண்மையாகவே தொடங்கிய கசிவை மாத்திரையின் வேலை என்று எண்ணி இருந்துவிடுவார். சிரை வழியே ஒன்று அல்லது இரண்டு தவணைகளில் இரும்பு ஏற்றும்போது இந்த இரண்டு குறைகளும் இல்லை. அதன் பிறகு மலம் கறுத்தால் அது கசிவாகவே இருக்க வாய்ப்பு மிகுதி என்பதால், நோயாளி அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுவார்.